ஊரே சாட்சியாக நிற்கும்போது



மாலை நேர மதரஸாவில் சாட்சியம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், லஞ்சம் வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் பாவம் என்று படித்தோம். அது நடப்பதைத் தெரிந்துகொண்டு பேசாமல் இருப்பவருக்கு என்ன?" என்று கேட்டார். சாட்சியை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்னும் பகரா அத்தியாயத்தின் கருத்தை எடுத்துச் சொன்னோம். அவர் விடவில்லை. "சொன்னால் அடிப்பார்களே ஹஜ்ரத், அப்போது யார் காப்பாற்றுவார்?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்விக்கு அன்று நாம் சொன்ன பதில் நமக்கே நிறைவளிக்கவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தபோது, நம் மதுரை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றிலேயே அதற்கான பதில் இருப்பதாகத் தோன்றியது. அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

மலையும் கண்மாயும்

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் ஒத்தக்கடையின் யானைமலையைக் கடந்தால் மேலூர்ச் சமவெளி விரிகிறது. நெல்வயல்களுக்கு நடுவே தனித்தனியாக எழுந்து நிற்கும் பாறைக்குன்றுகள் அவ்வட்டாரத்தின் அடையாளம். கீழவளவு, அரிட்டாபட்டி, திருவாதவூர் ஆகிய ஊர்களின் குன்றுகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளும் இருக்கின்றன.

குன்றுகளின் அடிவாரங்களில் கண்மாய்கள் இருக்கின்றன. மழைநீர் பாறையில் வழிந்து ஓடை வழியே கண்மாயில் சேரும்; ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததை நிறைக்கும். 1895ஆம் ஆண்டு பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்ட பின், அதன் கால்வாய் நீரும் இந்த மேட்டுநிலத்திற்கு வந்தது. மழையை மட்டுமே நம்பியிருந்த நிலம் நெல் விளையும் பூமியானது. ஆகவே இவ்வூர்களில் மலையும் கண்மாயும் கால்வாயும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று கெட்டால் மற்றவையும் கெடும்.

அக்குன்றுகளின் கல்லுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை உண்டு. மெருகேற்றிய கிரானைட் பலகைகளாக அது கடல் கடந்து சென்றது. நிலத்தடியில் இருக்கும் கனிமத்தைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உரியது. அதற்காகவே தமிழ்நாடு கனிம நிறுவனம் என்னும் டாமின் 1978இல் தொடங்கப்பட்டது. குத்தகை கொடுத்து, எடுக்கும் கல்லுக்கு உரிமத்தொகை பெற்று, அதைப் பொதுக் கருவூலத்தில் சேர்ப்பது முறை. ஆனால் குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டுகிறார்கள், புறம்போக்கு நிலத்தில் வெட்டுகிறார்கள், கழிவுக்கற்களைக் கண்மாயிலும் கால்வாயிலும் கொட்டுகிறார்கள் என்று ஊர்மக்கள் பல ஆண்டுகளாக மனு கொடுத்தவண்ணம் இருந்தனர். மனுக்கள் அலுவலகங்களில் தங்கின. வெட்டப்பட்ட கல் துறைமுகத்திற்குச் சென்றுகொண்டிருந்தது.

ஓர் ஆட்சியரின் கடிதம்

2011ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு உ.சகாயம் மதுரை மாவட்ட ஆட்சியராக வந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தின் பெருஞ்சுணை என்னும் சிற்றூரில் பிறந்தவர். 2009இல் நாமக்கல் ஆட்சியராக இருந்தபோது தம் சொத்து விவரத்தைத் தாமாகவே பொதுமக்கள் பார்வைக்கு வைத்தவர். வங்கியில் 7,172 ரூபாய், மதுரையில் 9 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வீடு என்பதே அந்தக் கணக்கு. பிறருடைய கணக்கைக் கேட்குமுன் தம் கணக்கைக் காட்டினார்.

ஊர்மக்களின் மனுக்களைக் கையிலெடுத்து அவர் விசாரித்தார். 2012 மே மாதம் மாநிலத் தொழில்துறைக்கு விரிவான அறிக்கை ஒன்றை அனுப்பினார். முறைகேடான கிரானைட் வெட்டுதலால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,338 கோடி ரூபாய் என்று அதில் மதிப்பிட்டிருந்தார். அறிக்கை சென்ற சில நாட்களிலேயே அவர் மதுரையிலிருந்து மாற்றப்பட்டு, கோ-ஆப்டெக்ஸ் கைத்தறி நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக அமர்த்தப்பட்டார்.

அந்த அறிக்கை கோப்புக்குள்ளேயே இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் அது நாளேடுகள் வழியே வெளியே வந்தது. மக்கள் படித்தனர், பேசினர். அதன் பிறகு, 2012 ஆகஸ்டில், அடுத்து வந்த ஆட்சியர் அன்சுல் மிஸ்ராவின் காலத்தில் அதிகாரிகள் குழு குழுவாகக் குவாரிகளுக்குச் சென்று அளந்தனர். வழக்குகள் பதிவாயின, கைதுகள் நடந்தன. 2013இல் அவரும் மாற்றப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே மாதம் அரசின் கைக்குச் சென்ற அதே தாள்தான் ஆகஸ்டில் மக்கள் கைக்கும் வந்தது. அதில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மூடிய கோப்பில் இருந்தபோது எழுதியவர் இடம் மாறினார். எல்லோரும் படித்தபோது அளவு நாடாவுடன் அதிகாரிகள் மலைக்குச் சென்றனர்.

இடுகாட்டில் ஓர் இரவு

டிராபிக் ராமசாமி தொடுத்த பொதுநல வழக்கில், 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தையே சட்ட ஆணையராக நியமித்துக் கனிம முறைகேடுகளை விசாரிக்கப் பணித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் அந்த நியமனம் நிலைத்தது. அவர் மீண்டும் மதுரைக்கு வந்து அலுவலகம் திறந்து, மனு வாங்கினார். நிலம் இழந்தவர், கண்மாய் இழந்தவர், வேலை செய்து விலகியவர் என்று பலரும் வந்தனர். ஒருவர் பேசியதைக் கேட்டு மற்றொருவர் பேசத் துணிந்தார்.

வந்த புகார்களுள் ஒன்று அச்சமூட்டுவது. குவாரித் தொழிலுக்காக நரபலி கொடுக்கப்பட்டதாகவும், உடல்கள் சின்ன மலம்பட்டி அருகே புதைக்கப்பட்டதாகவும் முன்னாள் ஓட்டுநர் ஒருவர் கூறியிருந்தார். 2015 செப்டம்பரில் அவ்விடத்தைத் தோண்டச் சென்றபோது பணி அன்றே தொடங்கவில்லை. இரவுக்குள் தடயம் அகற்றப்பட்டுவிடலாம் என்று அஞ்சிய சகாயம், அந்த இடுகாட்டிலேயே கட்டில் போட்டு இரவைக் கழித்தார். மறுநாள் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அவை யாருடையவை, எப்படி வந்தன என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. அதைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். நம் நினைவில் நிற்பது வேறொன்று. மாவட்டத்தையே ஆண்ட ஓர் உயர் அதிகாரி, ஒரு சாட்சியத்தைக் காக்க வேண்டி அதன் பக்கத்திலேயே படுத்துறங்க நேர்ந்தது.

2015 நவம்பரில் அவர் உயர் நீதிமன்றத்தில் அறிக்கை அளித்தார். அதில் இழப்பின் மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று கூறப்பட்டது. இந்தத் தொகைகள் மதிப்பீடுகளே. வழக்குகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவரையும் குற்றவாளி என்று அழைக்கும் உரிமை நமக்கு மார்க்கத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை.

பணிக்காலத்தில் இருபது முறைக்கும் மேல் இடமாற்றம் கண்ட அவர், 2021இல் விருப்ப ஓய்வில் சென்றார். 2025இல், கிரானைட் வழக்கொன்றில் சாட்சி சொல்ல மதுரை நீதிமன்றம் அழைத்தபோது, தமக்கிருந்த காவல் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டதைச் சுட்டி, உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிவித்தார். கடிதம் எழுதிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தும், பெயர் பெற்ற ஓர் ஆட்சியருக்கே சாட்சிக் கூண்டு தொலைவில் இருந்தது. அப்படியானால் நம் மாணவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மிம்பரிலும் மஸ்ஜிதிலும்

நம் மார்க்க வரலாற்றில் இதற்கு ஒளி தரும் இரு நிகழ்ச்சிகள் உண்டு. முதலாவதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஸகாத் வசூலிக்க பனூ சுலைம் கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுநிதிக்கென்றும் மற்றொரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பென்றும் பிரித்து வைத்தார். அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் வினவிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பதவிக்காக வருவது பரிசாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை.

அதோடு அண்ணலார் மிம்பரில் ஏறி, மக்கள் அனைவரும் கேட்க அதைப் பேசினார்கள். ஆனால் அந்த மனிதரின் பெயரைச் சொல்லாமல், அனுப்பப்பட்ட ஒருவர் என்றே குறிப்பிட்டார்கள். நடந்த தவறு பொதுச்சொத்தில் நடந்ததால் அது பொதுமக்கள் முன் வந்தது. தவறியவரின் மானம் அதற்காகச் சந்தைக்கு வரவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி கூஃபா நகரத்தைச் சேர்ந்தது. ஆளுநர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மீது அந்நகரத்தார் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் புகார் செய்தனர். ஸஅத் (ரலி) பத்ரில் போரிட்டவர். சொர்க்கத்து நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர். ஆயினும் உமர் (ரலி) புகாரை ஒதுக்கவில்லை. அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி, விசாரிப்பவர்களை அவருடனேயே கூஃபாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மஸ்ஜித் மஸ்ஜிதாகச் சென்று, மக்கள் முன்னிலையில், ஆளுநரும் உடனிருக்க, அவரைப் பற்றிக் கேட்டனர். எல்லா இடத்திலும் மக்கள் அவரைப் புகழ்ந்தனர். பனூ அப்ஸ் கூட்டத்தாரின் மஸ்ஜிதில் ஒருவர் மட்டும் எழுந்து, அவர் பங்கீட்டில் நேர்மையற்றவர் என்று பொய்யுரைத்தார்.

இந்நிகழ்ச்சியை ஸஅத் (ரலி) அவர்களின் துஆ ஏற்கப்பட்டதற்குச் சான்றாகவே நாம் பெரும்பாலும் சொல்கிறோம். விசாரணை நடந்த முறையையும் அதில் பார்க்க வேண்டும். ஊர் கூடிய இடத்தில் கேள்வி கேட்கப்பட்டதால், உண்மை சொல்ல விரும்பியவர் தனியே ஓர் அறைக்குள் அழைக்கப்பட்டு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. பொய் சொன்னவர் யார் என்பதையும் ஊர் அறிந்தது. குற்றமற்ற ஆளுநருக்கும் அந்த வெளிப்படைதான் அரணாயிற்று. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயம் இடும் கட்டளையும் இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. தனிப்பகைக்காக மொட்டைக் கடிதம் எழுதி ஒருவரின் பணியைக் கெடுப்பவரும் பாவியே.

கடிதம் எழுதியவரின் பெயர்

நம் நாட்டில் ஊழலைக் கண்காணிக்க அமைப்புகள் இல்லாமல் இல்லை. தஞ்சை மண்ணில் பிறந்த கே.சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1964இல் மத்திய விழிப்புணர்வு ஆணையம் அமைந்தது. அதே ஆண்டு தமிழகத்தில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தொடங்கியது. ஆனால் புகார் செய்பவரைக் காக்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகள் கழித்தே பேசப்பட்டது. அதற்கும் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

சத்யேந்திர துபே என்னும் இளம் பொறியாளர், பீகாரில் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைக் குறித்து 2002இல் பிரதமர் அலுவலகத்திற்கு எழுதினார். தம் பெயரை மறைவாக வைக்கும்படி வேண்டியிருந்தார். கடிதமோ பெயருடனேயே மேசை மேசையாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குக் காரணம் வழிப்பறி என்று வழக்கு முடிந்தது. அவருடைய கடிதத்திற்கு நேர்ந்ததோ நாட்டின் மனசாட்சியை உலுக்கியது. 2004இல் அரசு ஒரு தீர்மானத்தின் மூலம், புகார்களைப் பெற்று, புகாரளிப்பவரின் பெயரைக் காக்கும் பொறுப்பை விழிப்புணர்வு ஆணையத்திடம் ஒப்படைத்தது. பத்தாண்டு கழித்து, 2014இல், அவர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வெளியாகவில்லை.

தகவல் பெறும் உரிமையின் வரலாறு இதைவிட ஆறுதல் தருவது. 1994இல் இராசத்தான் சிற்றூர்களில் ஏழைக் கூலியாட்கள் கூடி, பஞ்சாயத்தின் செலவுக் கணக்கை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். கட்டாத கட்டடத்திற்குச் செலவு எழுதப்பட்டிருந்ததையும், வேலைக்கு வராதவர் பெயரில் கூலி போனதையும் கேட்டவர்களே சுட்டிக் காட்டினர். எழுத்தறியாதவரும் அங்கே தணிக்கையாளர் ஆனார். 1997இல் தமிழ்நாடு, இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாக, தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. விலக்குகள் மிகுந்த சட்டம் எனினும் தொடக்கம் அதுவே. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் எவரும் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்க இயலாது.

2025 சனவரியில் ஒரு வாரம்

இனி நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். 2025 சனவரி மாதத்தில், ஒரே வாரத்தில், நம் வட்டாரத்தில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன.

மேலூருக்குக் கிழக்கே, திருப்பத்தூரைத் தாண்டினால் புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் வட்டம். அங்கே ஜகபர் அலி என்னும் முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர், சட்டத்திற்குப் புறம்பான கல்குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து மனு கொடுத்துவந்தார். சனவரி 17, வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் மீது லாரி மோதியது. முதலில் விபத்து எனப்பட்டது. பின்னர் கொலை வழக்காக மாறி, கல்குவாரித் தொழில் நடத்தியவர்கள் கைதாயினர். விசாரணை சிபிசிஐடி வசம் சென்றது. அதற்கு முன்பு, 2023 ஏப்ரலில், தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். ஒருவர் ஜும்ஆவுக்குச் சென்று திரும்பியவர், மற்றவர் அரசுப் பணியாளர். இருவரும் புகார்த் தாளில் தனியே கையொப்பமிட்டவர்கள்.

அடுத்த நிகழ்ச்சி மேலூரில். 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. 2,015 ஹெக்டேருக்கும் மேற்பட்ட அப்பரப்பில், 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் நிலமும் அடங்கியிருந்தது. இது லஞ்ச வழக்கு அன்று. முறைப்படி நடந்த ஏலம். ஆனால் அங்கு வாழும் மக்களிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

அறிவிப்பு வெளியானதும் ஊர்கள் அதைப் படித்தன. எந்தச் சர்வே எண், எந்தக் கண்மாய், எந்தக் கோயில், யார் வீடு என்று வரைபடத்தை வைத்துப் பார்த்தன. கிராம சபைகளில் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றியது. சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளத்தை நோக்கிப் பேரணியாக வந்தனர். கிரானைட் காலத்தில் தங்கள் மலைகள் காணாமற்போனதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. இம்முறை அவர்கள் ஓர் ஆட்சியரின் கடிதத்திற்காகக் காத்திருக்கவில்லை. சனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

17ஆம் நாளுக்கும் 23ஆம் நாளுக்கும் இடையே ஆறு நாட்கள். திருமயத்தில் ஒருவர் தனியே சொன்னார். அவரை லாரி ஏற்றிக் கொல்ல முடிந்தது. மேலூரில் ஊர் முழுவதும் சொன்னது. அத்தனை பேரையும் எந்த லாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வழக்குகளும் ஒரே தன்மையவை அல்ல என்பதை அறிவோம். ஆயினும் சாட்சி சொல்பவரை யார் காப்பாற்றுவார் என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டாவது மனிதரும், மூன்றாவது மனிதரும், நூறாவது மனிதரும்தான் அவரைக் காப்பாற்றுவர்.

நம் பங்கு

ஃபர்ளு கிஃபாயா என்றால் என்னவென்று மதரஸாவில் கேட்டால் பிள்ளைகள் உடனே ஜனாஸாத் தொழுகையைச் சொல்வார்கள். சிலர் நிறைவேற்றினால் மற்றவர்கள் மீது பொறுப்பு நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. ஃபிக்ஹு நூல்கள் சாட்சியம் சொல்வதையும் இதே வகையில் வைக்கின்றன. ஜகபர் அலியின் ஜனாஸாவில் எத்தனை பேர் அணிவகுத்தாலும் அந்தக் கடமை நிறைவேறிவிடும். ஆனால் அவர் மனு எழுதியபோது உடன் கையொப்பமிட எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் ஊரும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை எழுதும்போது நாம் தூய்மையானவராக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தில், முறைப்படி நமக்கு வரவேண்டிய ஒரு சான்றிதழுக்காக, மூன்று முறை அலைந்த பின் நாமும் கொடுத்துவிட்டு வந்தோம். தன் உரிமையைப் பெற வேறு வழியின்றிக் கொடுப்பவர் மீது குற்றமில்லை, வாங்கியவர் மீதே குற்றம் என்று முன்னோர்களான அறிஞர்களில் பலர் கூறியுள்ளனர். அந்தச் சலுகையை நினைத்து நம்மைத் தேற்றிக்கொண்டோம். உண்மையில் வேறு வழிகள் இருந்தன, நாம் தேடவில்லை. நெருக்கடிக்கென்று திறக்கப்பட்ட கதவை நாம் அன்றாட வாசலாக்கிவிட்டோம். வரிசையில் நமக்குப் பின்னால் நின்ற, கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத ஏழையை அன்று நாம் திரும்பியும் பார்க்கவில்லை.

வழிகள் என்னவென்று அறிந்துகொள்வோம். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்திற்கு ஆளாகிக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால் தண்டனைக்கு உள்ளாகமாட்டார். கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு இயக்ககத்திடம் தெரிவித்து, அவர்கள் சொல்படி நடப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. மனு நிலுவையில் இருக்கிறதென்றால், அது எந்த நாளில் எந்த மேசையில் இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்கலாம். பல வேளைகளில் அந்தக் கேள்வியே கோப்பை நகர்த்திவிடும்.

இவற்றைத் தனியே செய்யாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள். தெருவில் சாக்கடை கட்டாமலே கட்டியதாகக் கணக்கு இருந்தால், தெருவில் உள்ள எல்லா வீட்டாரும், எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து கையொப்பமிடுங்கள். கிராம சபை நடக்கும் நாட்களில் ஜமாஅத்தார் தவறாமல் சென்று அமருங்கள். வரவு செலவு படிக்கப்படும்போது காது கொடுங்கள். ஓர் அலுவலர் நேர்மையாக நடந்து அதனால் இடமாற்றம் பெற்றால், அவர் எந்தச் சமயத்தவராயினும், அவருக்காக ஒரு மனுவேனும் எழுதுங்கள். ஊரில் எவரேனும் துணிந்து புகார் செய்தால், அவரைப் பைத்தியக்காரர் என்றும் வம்புக்காரர் என்றும் பேசாதீர்கள். அந்தப் பேச்சே அவரைத் தனியாளாக்குகிறது. தனியாளான பிறகுதான் லாரி வருகிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அரசின் கணக்கைக் கேட்பவர் தம் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். நாமக்கல்லில் ஓர் ஆட்சியர் செய்ததை நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மதரஸாக்களும் செய்யலாம். சந்தா எவ்வளவு வந்தது, ஸகாத்தும் ஃபித்ராவும் எவ்வளவு சேர்ந்தன, வக்ஃபு கடையின் வாடகை என்ன, எங்கே செலவாயிற்று என்பதை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். நம் மதரஸாவில் இப்படி ஒட்டத் தொடங்கிய முதல் மாதமே கூட்டலில் ஒரு பிழை இருப்பதை ஒரு தாயார் கண்டுபிடித்தார். சற்று வெட்கமாக இருந்தது. திருத்திக்கொண்டோம். அடுத்த மாதத்திலிருந்து கணக்கு எழுதும்போதே கவனம் கூடிவிட்டது.

அந்த மாணவருக்கு இப்போது நாம் இவ்வாறு பதில் சொல்வோம். தம்பி, சொன்னால் அடிக்கக்கூடும் என்பது உண்மை. ஆகவே நீ தனியாகச் சொல்லும்படி நாங்கள் விட்டுவிட்டால், அந்தப் பாவம் உன்மேல் இல்லை, எங்கள்மேல் இருக்கிறது. நீ எழுதிக் கொண்டுவா. முதல் கையொப்பத்துக்குக் கீழே எங்களுடையதும் இருக்கும்.

நீதிக்காக உறுதியாக நிற்கவும், அது நமக்கே எதிராயினும் சாட்சி சொல்லவும் நிஸா அத்தியாயம் நம்மை அழைக்கிறது. அவ்வழைப்புக்குச் செவிசாய்ப்போராக, சாட்சி சொல்வோரைத் தனியே விடாதோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. உண்மைக்காக உயிர் நீத்தவர்களின் குடும்பத்தாருக்கு அவன் ஆறுதலும் நீதியும் அளிப்பானாக. ஆமீன்.